வால்டனின் வியோலா: ரிடிலிடமிருந்து தொடங்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஊர்ப் பக்கமே வேலை மாற்றலாகி வந்ததில் எனக்கும் நிம்மதி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

ஆங்கிலேய இசையமைப்பாளர் வால்டனின் வியோலா கன்செர்ட்டோவுக்கு, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புக்கு, எந்த ஒலிப்பதிவை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் வியோலாக் கலைஞர் ஃபிரெடரிக் ரிடிலைக் கேள். 1937 டிசம்பரில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக, வால்டனே லண்டன் சிம்பனி இசைக்குழுவை நடத்திப் பதிவானது. இந்தப் படைப்பின் முதல் ஒலிப்பதிவும் அதுதான். பழைய இசைத்தட்டின் இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள். முதல் பகுதிக்கு வால்டன் எழுதிய குறிப்பு 'அந்தாந்தே கோமோதோ', அதாவது சிரமமில்லாத நடை. ரிடில் அப்படியே நடக்கிறார். அந்த ஏக்கம் தானாக வந்து சேர்கிறது, அவர் அதைப் பிழிந்து எடுப்பதில்லை. பின்னால் வந்த பலர் அந்தப் பகுதியை இழுத்து இழுத்து இரங்கற்பாவாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வால்டனே நடத்த, மெனுகின் வியோலா வாசித்த 1968 பதிவும் எனக்குக் கனமாகத்தான் படுகிறது.

1946இல் வியோலாக் கலைஞர் ப்ரிம்ரோஸ் வாசித்ததையும் வால்டன்தான் நடத்தினார். நடுப்பகுதியில் ப்ரிம்ரோஸின் விரல்கள் பறக்கின்றன. வியப்பாக இருக்கிறது, ஆனால் எனக்கு நெருக்கமாக இல்லை.

இந்தக் கன்செர்ட்டோவின் பிறப்பே விசித்திரம். வியோலாக் கலைஞர் லயனல் டெர்டிஸ் வாசிப்பார் என்று எண்ணி எழுதியது. அவர் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1929 அக்டோபர் 3 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் அதை முதலில் வாசித்தவர் ஹிண்டெமித், அவரே பெரிய இசையமைப்பாளர். அன்று கேட்க வந்திருந்த டெர்டிஸ், மறுத்ததற்காகப் பிறகு வருந்தினார், தானும் வாசித்தார்.

வாங்கும்போது ஒன்றைக் கவனி. 1961இல் வால்டன் இசைக்குழுவைச் சுருக்கி, ஹார்ப் என்ற யாழ் போன்ற கருவியைச் சேர்த்துத் திருத்தினார். இப்போதைய பதிவுகளில் பெரும்பாலும் அந்த வடிவம்தான். அந்த ஹார்ப் ஒலி அழகுதான், என்றாலும் பழைய வடிவத்தின் முரட்டுத்தனம் எனக்கு வேண்டியிருக்கிறது. வியோலாக் கலைஞர் லாரன்ஸ் பவர், ஹைப்பீரியன் நிறுவனத்துக்காக, இசைக்குழு நடத்துநர் இலான் வோல்கோவுடன் செய்த பதிவை அடுத்து வாங்கு. அதே தட்டில் இன்னொரு ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்மண்ட் ருப்ராவின் வியோலா கன்செர்ட்டோவும் இருக்கிறது. ப்ரிம்ரோஸுக்காக 1952இல் எழுதியது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

ரிடிலைக் கேட்கும்போது கடைசிப் பகுதியின் முடிவுக்கு நேரம் ஒதுக்கு. முதல் பகுதியின் ராகம் அங்கே திரும்பி வரும். பிரகாசமான மேஜரா, சோகமான மைனரா என்று தீர்மானிக்காமலேயே வியோலா நின்றுவிடும். அந்த இடம் உனக்கு எப்படிப் பட்டது என்று எழுது. முழங்காலைப் பற்றியும்.

அன்புடன்,
உன் நண்பன்