14ஆம் நாள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மாதவிடாய்ச் சுழற்சிக் கட்டுரையில், எல்லாப் பெண்களுக்கும் 14ஆம் நாளில் கருமுட்டை வெளிவரும் என்று அச்சாகியிருக்கிறது. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்கே அது ஏறத்தாழச் சரி. மற்றவர்கள் இதை நம்பி நாள் குறித்தால், குழந்தை வேண்டுபவர் மாதக்கணக்கில் ஏமாறுவார். வேண்டாம் என்பவருக்குக் கரு தங்கிவிடும்.

முட்டை முதிர்கிற முதல் பாதிதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் நீண்டு குறுகும். காய்ச்சல், மன உளைச்சல், திடீர் எடைக்குறைவு எல்லாம் கை வைப்பது அங்கேதான். முட்டை வெளிவந்த பிறகான பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள், அவ்வளவாக மாறாது. ஆகவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜப்பானிய மருத்துவர் க்யூசாகு ஓகினோ 1924இலேயே அப்படித்தான் எண்ணினார். 35 நாள் சுழற்சியில் முட்டை வருவது 21ஆம் நாளையொட்டி. 24 நாள் சுழற்சியில் 10ஆம் நாளையொட்டி. முதல் நாள் என்பது லேசாகக் கறை படும் நாளல்ல, உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கும் நாள்.

இதே பிழை ரத்தப் பரிசோதனையிலும் நுழைகிறது. முட்டை வெளிவந்ததா என்று அறியும் புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளிவந்த பின் கூடும் ஹார்மோன்) சோதனைக்கு '21ஆம் நாள் சோதனை' என்றே பெயர் விழுந்துவிட்டது. 35 நாள் சுழற்சிக்காரருக்கு அன்று ரத்தம் எடுத்தால் அளவு குறைவாகத்தான் வரும். முட்டையே வரவில்லை என்று முடிவு கட்டி மாத்திரை எழுதிவிடுவார்கள். அவருக்கு எடுக்க வேண்டியது 28ஆம் நாளில், அதாவது மாதவிடாயை எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு.

முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணுடலில் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். எனவே கருத்தரிக்கும் வாய்ப்பு முட்டை வரும் நாளிலும் அதற்கு முந்தைய 5 நாளிலும்தான். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் பார்க்கும் உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறுவது முட்டை வெளிவந்த பின்புதான். முன்கூட்டி எதையும் சொல்லாது. சிறுநீரில் எல்.எச். (முட்டையை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) பார்க்கும் பட்டை ஒன்றரை நாள் முன்பே காட்டிவிடும். ஆனால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம் என்பதால் பட்டை ஏமாற்றும். கைபேசிச் செயலிகளில் பல, பழைய தேதிகளின் சராசரியைத்தான் போடுகின்றன. கருத்தடைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

28 தப்பினாலே கோளாறு என்ற பயமும் வேண்டாம். பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பே. கர்ப்பமில்லாமல் மூன்று மாதம் வராவிட்டாலும், உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினாலும், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கட்டுரையைவிட அதனுடன் வந்த வட்டப் படத்தைத்தான் பலர் வெட்டி வைத்திருப்பார்கள். அதில் 14 என்று சிவப்பில் இட்ட எண்ணையும் சேர்த்துத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர் ஒருவர்