கிப்ளிங் தங்காத ஓட்டல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரான யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இருக்கும் ஸ்ட்ராண்ட் ஓட்டலைப் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை என் மகள் போனில் காட்டினாள். எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங் அங்கே தங்கினார் என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு வழியே இல்லை. அவர் ரங்கூனுக்கு வந்தது 1889இல். ஓட்டல் திறந்தது 1901இல். பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே வந்து காலி மனையிலா படுத்திருப்பார்?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கொரு யூகம் உண்டு. ஸ்ட்ராண்டை நடத்திய ஆர்மீனியரான சார்கீஸ் சகோதரர்களுடையதுதான் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஓட்டலும். அதே 1889 பயணத்தில் கிப்ளிங் அங்கே போனார். சாப்பாட்டுக்கு ராஃபிள்ஸ், படுக்க வேறு ஓட்டல் என்று எழுதியும் வைத்தார். ராஃபிள்ஸுக்கு விளம்பரம் போட்டவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாமர்த்தியம்தான்! நீங்கள் போட்ட இன்னொரு ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் பெயரையாவது அப்படியே விட்டுவைக்கலாம். அவர் பர்மாவைச் சுற்றியது 1922இல். அப்போது ஓட்டலாவது இருந்தது.

இதற்காக மட்டும் எழுதவில்லை. என் அப்பா அந்த ஓட்டலில் சாப்பாடு பரிமாறும் பேரராக இருந்தவர். உங்கள் கட்டுரையில் பிரபுக்கள் வருகிறார்கள், எழுத்தாளர்கள் வருகிறார்கள், ஜப்பான்காரன் காலத்தில் யமாட்டோ என்று பெயர் மாறியதுகூட வருகிறது. தட்டு கழுவியவன், பெட்டி தூக்கியவன், விரிப்பு வெளுத்தவன் ஒருவனையும் காணோம். அந்த ஓட்டல் கொடிகட்டிப் பறந்த நாளில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் உண்டு, துறைமுகக் கூலியும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு இந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்ல முடியும்?

1963இல் ராணுவத் தளபதி நே வின்னின் அரசாங்கம் ஓட்டலை எடுத்துக்கொண்டது. மறுவருஷம் கடைகளையும் எடுத்தது. எங்கள் சித்தப்பாவின் மளிகைக் கடையும் அதில் போனது. கடையைப் பிடுங்கிய அதே கை அப்பாவை அரசாங்க ஊழியராக்கியது. அவரிடம் பர்மா குடியுரிமைத் தாள் இருந்தது, சம்பளமும் நிற்கவில்லை. சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறினார். அவர்களை வழியனுப்ப அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. துறைமுகம் ஓட்டலுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஆறு. சங்கு ஊதினபோது கையில் சூப்புக் கிண்ணம் இருந்தது என்று மட்டும் சொல்வார். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சித்தப்பாவின் பேரன் இன்று சென்னையில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கிறான்.

எழுபதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் ஏழு நாள் விசாவில் முதுகுப் பையோடு வருவார்கள். விமானநிலையத்தில் வாங்கிய ஒரு பாட்டில் ஜானி வாக்கர் விஸ்கியும் 555 சிகரெட்டும் பையில் இருக்கும். அதை வெளியே டாக்சிக்காரர்களிடம் விற்று, அந்தப் பணத்திலேயே ஏழு நாளையும் ஓட்டிவிடுவார்கள். கிழிந்த பேண்ட்டோடு வந்து சாப்பிட உட்காரும் அவர்களுக்கும், பழைய துரைமாருக்குப் போல, இடப்பக்கம் நின்றுதான் அப்பா பரிமாறுவார். வீட்டில் எங்களுக்கு மோஹிங்கா என்ற மீன் சூப் நூடுல்ஸ் ஊற்றும்போதும் இடப்பக்கம்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

புதுப்பித்து 1993இல் 32 அறைகளோடு மறுபடி திறந்தபோது அப்பா இல்லை. அவர் வேலைக்குப் போய்வந்தது எப்போதும் பின்வாசல் வழி. போன வருஷம் என் பிறந்தநாளுக்கு மகள் அங்கே டீ குடிக்கக் கூட்டிப்போனாள், முன்வாசல் வழியாக. தேக்குத் தரையில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறி நின்றேன். டீ கொண்டுவந்த பையன் வலப்பக்கமாக வந்து வைத்தான்.

கிப்ளிங் விஷயத்துக்கு ஒரு திருத்தம் போட்டால் சந்தோஷம்.

இப்படிக்கு,
கொன்செடான் தெரு வாசகர் ஒருவர்,
யாங்கோன்.