மழைநீர்க் குழாய்களைத் திறந்துவிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. காற்றைவிட மழைதான் அதிகம் படுத்தியது. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் எங்கள் கல்லூரி வளாகத்தில் வந்து உழைத்தவர்களுக்கு இந்த நன்றி மடல்.

முதல் வணக்கம், மொட்டைமாடி ஏறிய துப்புரவுப் பணியாளர் அக்காமார்களுக்கு. 1,000 சதுர மீட்டர் தளத்தில் 1 செ.மீ. தண்ணீர் தேங்கினாலே 10 டன் பாரம். குழாய் வாயை அடைக்க ஒரு பாலித்தீன் பையும் இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகும் போதும். நீர் மேலேறி மாடிப்படிக் கதவு வழியாக வகுப்புகளுக்குள் இறங்கிவிடும். நீங்கள் கூட்டி அள்ளியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே ஆள் நிறுத்தி, "வருதா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தீர்கள். நூலகக் கட்டடத்தில் மேலே சுத்தமாகத் தெரிந்த குழாய் ஒன்றில் தண்ணீர் வரவில்லை. கீழே குழாய் வளையும் இடத்திலுள்ள எல்போவைக் கழற்றியதும் சேறு அப்பிய டென்னிஸ் பந்து ஒன்று உருண்டு விழுந்தது. ஊற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

மரம் ஏறிய அண்ணன்மார்களே, தூங்குமூஞ்சி, குல்மொஹர், பெருங்கொன்றை ஆகியவற்றை மொட்டையடிக்காமல் உள்கிளைகளை மட்டும் கழித்து, காற்று ஊடே போக வழி செய்தீர்கள். மொட்டையடித்த மரத்தில் பிறகு துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்யும். வெட்டியதை அன்றே டிராக்டரில் ஏற்றியதற்குத் தனி நன்றி. கிடந்திருந்தால் அத்தனையும் வடிகாலுக்குள் போயிருக்கும்.

எலக்ட்ரீஷியன் ஐயா, ஜெனரேட்டரை வெறுமனே ஓட்டிப் பார்க்காமல் விடுதி மோட்டாரையும் விளக்குகளையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டினீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோதுதான் பேட்டரி இழுக்காதது தெரிந்தது. கடை திறந்திருக்கும்போதே மாற்றினோம். வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்சையும் இருமுறை பார்த்தீர்கள். அது சரியில்லாவிட்டால் நம் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப்போய், கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிரை வாங்கும். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்தீர்கள். குழியில் தண்ணீர் நிறைந்தும் கூண்டு நனையவில்லை.

வேதியியல் ஆய்வக உதவியாளர்கள், மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியம் புட்டிகளை முதல் வேலையாக மேல் அலமாரிக்கு ஏற்றினார்கள். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. அத்தனை அவசரத்திலும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயுதான்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே, மணல் மூட்டைகளைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, வாயைக் கட்டாமல் மடித்து, செங்கல் வரிசைபோல் மாற்றி மாற்றி அடுக்கினீர்கள். முட்ட நிரப்பினால் மூட்டை உருண்டையாகி இடுக்கில் நீர் புகும்.

விடுதிச் சமையலறையில் 220 பேருக்கு, நாளுக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 1,980 லிட்டர் குடிநீர் தனியே பிடித்து மூடி வைத்தவர்களுக்கும் நன்றி. மாடியிலிருந்த சின்டெக்ஸ் தொட்டிகளையும் ததும்ப நிரப்பினீர்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கிவிடும். நிறைந்த 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடையோடு அசையாமல் நிற்கும். மழை விட்டதும் சம்ப்பில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே குழாயைத் திறந்தீர்கள்.

மரம் வெட்ட வந்த அண்ணனின் வடக்கயிறும் இரண்டு அரிவாளும் துடைத்து எண்ணெய் பூசி காவலர் அறையில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
கல்லூரிப் பேரிடர் ஆயத்தக் குழு