புறாத்தீவில் முருகைக்கல் உடைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) உடைவதற்கு உல்லாசப் பயணிகளின் கூட்டத்தையே எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். கூட்டமும் காரணம்தான். ஆனால் கல் உடையும் அந்த நொடியைக் கவனித்தால் வேறொன்று தெரியும்: மிதந்தபடி கடலடியைப் பார்க்க முகத்தில் மாட்டிய மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் ஆள் பதறி எழுந்து நிற்கிறார். இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் காலுக்குக் கீழே இருப்பது மணலல்ல, முருகை.

மான்கொம்பு போலக் கிளைத்த முருகை மிதித்தவுடன் முறிந்துவிடும். ஆனால் அது ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் வரைகூட வளரும். உருண்டை வடிவ முருகைக்கல்லோ முறியாது. அதனால் அதில் நிற்கலாம் என்று நினைக்கிறார்கள். பெரிய பிழை அதுதான். அதன் உயிரெல்லாம் மேலேயுள்ள மெல்லிய தோலில் இருக்கிறது. தோல் நசிந்த இடத்தில் பாசி ஏறிவிடும். ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே தடிக்கும் கல் அது. பெரிய சோற்றுப்பானை அளவு வளர இருபது வருடமாவது எடுத்திருக்கும்.

ஆகவே படகில் ஏற்றுவதற்கு முன், நிலாவெளியின் மணற்கரையிலேயே பத்து நிமிடப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தும் அது விழாமல் நின்றால் அளவு சரி. ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் புகும். அடர்ந்த மீசைக்காரருக்கு இது கூடுதல் தொல்லை. ஒழுகுகிறதென்று பட்டியை இறுக்குவார்கள். இறுக்கினால் ரப்பர் ஓரம் வளைந்து இன்னும் ஒழுகும். பட்டி காதுக்கு மேலே, பின்தலையின் உயரமான பகுதியில் இருக்கட்டும். தண்ணீர் புகுந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். இதை ஐந்து தடவை செய்தவர் முருகைமேல் எழுந்து நிற்கமாட்டார். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் உயிர்காப்பு அங்கி கொடுங்கள். களைத்தால் காலூன்றாமல் மிதந்தபடியே இளைப்பாறலாம்.

காலில் மாட்டும் துடுப்பும் கவனத்துக்குரியது. உடல் கிடையாக இல்லாவிட்டால் அது கீழேயுள்ள கிளைகளைச் சவட்டும். ஒரு மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் முருகைக்கு மேலாகப் போகவே வேண்டாம்.

கடலுக்குள் இறங்கவும் ஏறவும் மணற்பாங்கான ஒரே வழியை மிதவைக் கயிற்றால் எல்லையிட்டுக் காட்டவேண்டும். படகுகள் நங்கூரம் போடாமல் நிலையான மிதவையில் கட்டட்டும். மிதவையின் கொங்கிரீட் கட்டையை மணலில் இறக்கவேண்டும். கட்டையோடு நீளச் சங்கிலி போட்டால், காற்றுத் திரும்பும்போதெல்லாம் அது வட்டமாக அரைத்து, சுற்றியுள்ள அத்தனையையும் அழித்துவிடும். சங்கிலிக்குப் பதில் கயிறு போட்டு, அதன் நடுவில் ஒரு சிறு மிதவை கட்டினால் தரையில் உரசாது. படகைக் கட்டும் நுனிக்கு நைலோன் கயிறு நல்லது. மிதக்கும் பொலிப்புரப்பிலீன் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

கிழிந்த வலை கல்லில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து பெயரும். கத்திரியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்கவேண்டும்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் பங்குனியிலேயே மிதவை வேலைகளை முடித்துவிடலாம். உல்லாசப் பயணிகள் திரளத் தொடங்குவது சித்திரைக்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
சுழியோடி வழிகாட்டிகள் சிலர்,
நிலாவெளி