அந்த 'பிஸ்ட்' விஷயம்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை நினைத்து நினைத்து அம்மா இன்னும் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவனின் மகள், இங்கிலாந்தில் லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டு, நோயாளியின் மகன் கோபமாக இருக்கிறார் என்பதை 'பிஸ்ட்' (pissed) என்று சொல்ல, சீனியர் நர்ஸ் அவர் குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்து செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனாராமே!

உன்னைக் குறை சொல்லமாட்டேன். நீ அமெரிக்க சீரியல் பார்த்துப் பழகியவள். அங்கே அதற்குக் கோபம் என்றுதான் பொருள். பிரிட்டனில் அதே சொல்லுக்குப் போதை. பின்னால் ஒரு 'ஆஃப்' சேர்ந்தால்தான் அங்கே அது கோபமாகும். இரண்டு ஊரிலும் அது கொச்சைதான் என்பது வேறு. 'ஆங்ரி' என்று சொல்லியிருந்தால் லீட்ஸிலும் புரியும், நியூயார்க்கிலும் புரியும், நம்ம நாகர்கோவிலிலும் புரியும்.

அன்று ராத்திரி பழைய அகராதியைப் புரட்டினேன். சொல்லுக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் பொடியாக ஒரு குறிப்பு போட்டிருப்பான்: இன்ஃபார்மல், ஸ்லாங், பிரிட்டிஷ் என்று. பிள்ளைகள் அதைப் பார்ப்பதே இல்லை. நானும் சொல்லிக்கொடுத்ததில்லை. 'சில்ட்ரன்', 'கிட்ஸ்' இரண்டையும் ஒரே வரிசையில் எழுதி, ஒரே பொருள் என்று கரும்பலகையில் போட்டவன் நான். பெஞ்சு கேட்டு மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் நான் 'அவர் கிட்ஸ்' (our kids) என்று போட்டிருந்ததை ஹெட்மாஸ்டர் சிவப்பு மையால் அடித்து 'பியூபில்ஸ்' என்று திருத்தினார். 'கிட்' என்றால் ஆட்டுக்குட்டி சார், பெஞ்சு எதற்கு என்று வேறு கேட்டார். அப்போது கோபம் வந்தது.

களைத்துப்போனேன் என்பதற்கு நீ இப்போது அடிக்கடி சொல்கிறாயே, 'நாக்கர்டு' (knackered), அதையும் பார்த்தேன். கிழட்டுக் குதிரைகளை வாங்கி அறுக்கிறவனுக்கு அங்கே 'நாக்கர்' என்று பெயராம். நைட் டியூட்டி முடிந்து கூட வேலை செய்கிற பெண்ணிடம் அப்படிச் சொல், உன்னைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்வாள். லீவு கேட்கிற கடிதத்தில் வேண்டாம். நோயாளியே அப்படிச் சொன்னால், சார்ட்டில் மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே எழுது. அப்போது அது அவர் சொல், உன்னுடையது அல்ல. பவுண்டுக்கு 'க்விட்' என்பது அவ்வளவு ஆபத்தில்லை, கடையில் தாராளமாகச் சொல்லலாம். பத்தானாலும் 'டென் க்விட்'தான், கடைசியில் 'ஸ்' போட்டுவிடாதே.

அதற்காக எல்லா இடத்திலும் பாடப்புத்தகம் மாதிரிப் பேசு என்றும் சொல்லவில்லை. வெளிநாட்டு மருத்துவ வேலைக்கான ஆங்கிலத் தேர்வு, அந்த ஓஇடி பரீட்சைக்கு நீ உருப்போட்ட 'யூரின்' (சிறுநீர்), 'ஸ்டூல்ஸ்' (மலம்) எல்லாம் சார்ட்டுக்குச் சரி. படுக்கையில் இருக்கும் கிழவிக்கு ஸ்டூல் என்றால் உட்காருகிற ஸ்டூல்தான். உங்கள் பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸே தன் இணையதளத்துக்கு எழுதுகிறவர்களிடம் சிறுநீருக்கு 'பீ' (pee), மலத்துக்கு 'பூ' (poo) என்றே எழுதச் சொல்கிறது, எல்லாருக்கும் புரியும் என்பதற்காக. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் போர்டில் 'சிறுநீர் பரிசோதனை' என்று இருக்கும், நர்ஸ் வந்து "ஒண்ணுக்குப் போனீங்களா பாட்டி?" என்றுதான் கேட்பாள். யாராவது கொச்சை என்பார்களா?

இன்னொன்று மக்களே. யாராவது நிஜமாகவே குடித்திருப்பதாகத் தோன்றினால்கூட 'டிரங்க்' என்று எழுதிவிடாதே. மூச்சில் சாராய வாடை, பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்று கண்டதை மட்டும் எழுது. சர்க்கரை இறங்கினாலும் மனுஷன் தள்ளாடுவான், உனக்குத் தெரியாததா.

அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் கட்டிவிட்டாள். அப்புறம், அந்த மகன் மறுநாள் வந்தாரா? செக்யூரிட்டி வரை போன கதை அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நீயாகப் போய்ச் சொல்லிவைக்காதே.

அன்புடன்,
அப்பா