இறக்கிய காரும் உள்பக்கம் மொட்டையாகும் டயரும்

கொலோன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர், சாப்பாடு, சம்பளம் எல்லாம் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இது பட்டறைச் சமாச்சாரம் மட்டும்.

ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தை இறக்கிய ஸ்விஃப்ட் கார் நிறைய வருகிறது, போட்ட டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகித் திரும்பி வருகிறது, எல்லாரும் சேம்பரைத்தான் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்த நாட்டில் காரை இறக்குவது பெரிய மோகம். அதற்கான ஸ்பிரிங் செய்யும் ஐபாக், எச் அண்ட் ஆர் இரண்டு கம்பெனியும் கொலோனுக்குக் கிழக்கே சௌவர்லாண்ட் மலைப்பக்கம்தான் இருக்கின்றன. ஆனால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுச் சும்மா ஓட்ட முடியாது. ஸ்பிரிங்கோடு வரும் சான்றிதழை எடுத்துக்கொண்டு ட்யூஃப் மாதிரி ஒரு சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். பல ஸ்பிரிங் செட்டுகளுக்கு வண்டிக் காகிதத்திலும் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்ற வேண்டியதை ஏற்றாமல் ஓட்டினால் சாலை அனுமதியே செல்லாது. அது போக, புது வண்டிக்கு 3 வருடம் கழித்தும் அதன்பின் 2 வருடத்துக்கு ஒரு தடவையும் முழுச் சோதனை உண்டு. டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய் போலீஸ் பிடித்தால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும். நம் ஊரில் டயரின் பட்டன் (மேலே இருக்கும் பூ) தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவோம். இங்கே அளவுக்கோலை வைத்துப் பார்ப்பார்கள்.

இனி டயருக்கு வருகிறேன். சேம்பர் மட்டும் இவ்வளவு வேகமாக டயரைத் தின்னாது. 185 அகல டயர் 2 டிகிரி உள்ளே சாய்ந்தால், உள் விளிம்புக்கும் வெளி விளிம்புக்கும் சுமார் 6.5 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். பாரம் உள் தோளில் அதிகம் இறங்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் முந்தித் தேயும், அவ்வளவுதான். கொலைகாரன் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். இரண்டு முன் சக்கரமும் சேர்த்து அரை டிகிரி டோ தப்பாக இருக்கிறது என்று வை. ஒவ்வொரு டயரும் கால் டிகிரி குறுக்கே நிற்கிறது. அப்படி ஒரு கிலோமீட்டர் ஓடினால் டயர் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சேம்பர் பாரத்தை உள் விளிம்பில் ஏற்றி வைக்கிறது, டோ அந்த விளிம்பைத் தரையில் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்பக்கம் 5 மில்லிமீட்டர் பட்டன் இருக்கும்போதே உள்பக்கம் கம்பி தெரிகிறது.

வண்டியை இறக்கினால் டோ ஏன் மாறுகிறது? ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மும் ஒரே வட்டத்தில் ஆடுவதில்லை. உயரம் மாறும்போது டை ராடு, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளைத் திருப்பிவிடுகிறது. டை ராடைத் தள்ளும் ஸ்டியரிங் ராக் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் பெரும்பாலான முன்வீல் டிரைவ் வண்டிகளில் இது டோ-அவுட் பக்கம்தான் போகும், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் வெளியே திறக்கும்; உள்ளே மூடினால் டோ-இன். அதனால் ஸ்பிரிங் போட்ட பிறகு கடைக்காரர் "நேராத்தானே ஓடுது" என்று அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) பார்க்காமலே விட்டுவிட்டால் டயர் போச்சு. இரண்டு பக்கமும் சமமாகத் திறந்திருந்தால் வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. ஸ்டியரிங்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கையால் கண்டுபிடிக்கலாம். டயர் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவு. வெளியிலிருந்து உள்ளே வரும்போது கூராகத் தட்டினால் டோ-அவுட். உள்ளிருந்து வெளியே போகும்போது தட்டினால் டோ-இன் அதிகம். பள்ளத்தை உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அள. பின் டயரின் உள் விளிம்பு நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

அளவு எடுக்கும் முன் செய்ய வேண்டியதில்தான் பாதி வேலை இருக்கிறது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்காரட்டும், இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கும். லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் ஆடும் இடத்தில் இருக்கும் ரப்பர்) போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்காதே. அந்த ரப்பர் இரும்போடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போது முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். லூசாக விட்டு, வண்டியைத் தன் பாரத்தில் நிறுத்திய பிறகு டார்க் ரெஞ்சில் இறுக்கு. பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங் எதில் ஆட்டம் இருந்தாலும் அலைன்மென்ட் வீண். இங்கே நல்ல கடைகளில் அதை மாற்றாமல் மெஷினில் ஏற்றவே மாட்டார்கள், அது சரியான பிடிவாதம். காற்றைச் சரிபார், முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் டர்ன் பிளேட் சுலபமாகத் திரும்புகிறதா என்று பார், ரிம் ரன்-அவுட் (சுற்றும்போது தெரியும் கோணல்) எடு. உயரம் மாறினால் கோணமும் மாறும் என்பதால், பழைய பி.எம்.டபிள்யூ ஈ46 காருக்குக் கம்பெனி முறைப்படி முன் சீட் இரண்டிலும் 68 கிலோ, பின் சீட் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் நிறைய பெட்ரோல் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

வரிசையை மாற்றாதே. பின் சேம்பர், பின் டோ, முன் சேம்பர், ஸ்டியரிங்கை நேராக்கிப் பூட்டுவது, கடைசியாக முன் டோ. பின் சக்கரம் கோணலாக இருந்தால் முன்னால் எவ்வளவு சரியாக வைத்தாலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். சேம்பரைத் தொட்டால் டோ மாறும், அதனால் டோ எப்போதும் பிறகு.

நான் வைக்கும் கணக்கு, தினசரி ஓடும் இறக்கிய வண்டிக்கு: முன் சேம்பர் மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 டிகிரி (மைனஸ் என்றால் தலை உள்ளே சாய்வது), இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள். முன் டோ மொத்தம் 0 முதல் 10 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி) டோ-இன். பின்னால் 10 முதல் 20 நிமிடம் டோ-இன். பின்னால் டோ-அவுட் வேண்டவே வேண்டாம்; மழையில் பிரேக் போட்டால் வால் வீசும். உன் மெஷின் மில்லிமீட்டரில் காட்டினால், 15 அங்குல ரிம்மில் 10 நிமிடம் சுமார் 1.1 மில்லிமீட்டர்.

ஸ்விஃப்டில் உனக்கு வேலை குறைவு. பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்கு இரும்பு. இறக்கினாலும் அங்கே கோணம் பெரிதாக மாறாது, மாற்ற போல்ட்டும் கிடையாது. பீம் வளைந்திருந்தால் சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்சிலுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம், இல்லையென்றால் பீமையே மாற்று. முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நக்கிளில் இரண்டு போல்ட்டில் பிடிப்பதால் மேல் போல்ட்டுக்குப் பதில் சேம்பர் போல்ட் போட்டால் சேம்பரை ஒரு டிகிரிக்கு மேல் திருப்பி எடுக்கலாம். இங்கே ஓடும் கோல்ஃபில் அது நடக்காது, ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகிக் கவ்வியிருக்கும். அதன் பின்பக்கம் 2003-ல் வந்த ஐந்தாம் தலைமுறை முதல் பல வகைகளில் மல்டி லிங்க், சக்கரத்தைப் பல தனித்தனி ஆர்ம் பிடித்திருக்கும் அமைப்பு. சேம்பருக்கு ஒன்று, டோவுக்கு ஒன்று என எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினால் கோணம் மாறும் போல்ட்). கேட்க நன்றாக இருக்கும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பில் அந்தப் போல்ட் புஷ்ஷோடு ஒட்டித் துருப்பிடித்து, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பழைய ஷாக் அப்சார்பரோடு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும் வண்டியைச் சேர்க்காதே. ஷாக்கின் தண்டு அளவுக்கு மேல் உள்ளே இறங்கி, கடைசியில் அடி தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து ஓடும், டயர் குதித்துக் குதித்து ரம்பம் போலத் தேயும். அந்தச் சத்தத்தைக் கேட்டு பேரிங் போச்சு என்று பேரிங்கை மாற்றுகிறவர்கள் இங்கேயும் உண்டு.

அடுத்த தடவை ஒரு வண்டி வந்தால், சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, அலைன்மென்ட் ஷீட்டில் சரிசெய்யும் முன்பும் பின்பும் உள்ள இரண்டு அளவையும் போட்டோ எடுத்து அனுப்பு. வாடிக்கையாளருக்கும் அந்த ஷீட்டில் ஒன்றைக் கொடு. 5,000 கிலோமீட்டரில் மறுபடி வந்து காட்டச் சொல்.

அப்பாவை மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்