மகளுக்கு: வெளிவேலைக்கு எந்த மணிக்கூடு?

கிளிநொச்சி

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பிய நாலு ஜி.பி.எஸ். கைமணிக்கூட்டின் விபரமும் பார்த்தேன். மாமா கனடாவில் இருந்து வெளிக்கிட முதல் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கார்மின் இன்ஸ்டிங்ட் 2, கோரோஸ் பேஸ் 3, அமேஸ்ஃபிட் டி-ரெக்ஸ் 3, காசியோ ஜி-ஷொக் ஜி.பி.டி-எச்2000. நாலும் நல்ல சாமான்தான். ஆனால் ஒட்டுசுட்டான் பக்கத்து வயலிலும் குளக்கட்டிலும் பகல் முழுக்க நின்றுவிட்டு, பின்னேரம் அதையே கட்டிக்கொண்டு கந்தோர்க் கூட்டத்துக்கும் போகிற உனக்கு எது சரி என்பது வேறு கணக்கு. கடைக்காரன் போடும் பட்டியலில் அது இருக்காது.

முதலில் திரையைப் பார். இன்ஸ்டிங்ட், பேஸ் 3, ஜி-ஷொக் மூன்றிலும் இருப்பது எம்.ஐ.பி. என்கிற வகை. அது தானாக ஒளி விடாது, விழுகிற வெயிலைத் திருப்பி அனுப்பித்தான் எழுத்தைக் காட்டும். அதனால் உச்சி வெயிலில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். வீட்டுக்குள் மங்கல், பட்டனை அமத்தி லைற் போடவேண்டும். டி-ரெக்ஸ் 3 அமோலெட், தானே ஒளி விடுகிற வகை. 1.5 அங்குலத் திரை, 2000 நிற் வரை ஒளி, வடிவுக்குக் குறைவில்லை. ஆனால் வெயிலோடு போட்டிபோட அது பற்றரியைச் செலவழித்தாக வேண்டும். கம்பனி சொல்லும் 27 நாள் என்பது, கையைத் தூக்கினால் மட்டும் திரை எரிகிற கணக்கு. மோட்டார் சைக்கிள் ஹான்டிலைப் பிடித்தபடி நேரம் பார்க்க வேண்டுமென்றால் திரையை எப்போதும் எரியவிடவேண்டி வரும், அப்போது அந்த நாட்கள் வெகுவாகக் குறையும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு எம்.ஐ.பி. போதும் என்பது என் எண்ணம். படம் பார்க்கத்தான் போன் இருக்கிறதே.

அடுத்தது விரல். சேற்றுக் கையாலும் வியர்த்த கையாலும் தொடுதிரையைத் தட்டினால் ஒன்றில் கேளாது, அல்லது கேளாததைச் செய்யும். இன்ஸ்டிங்ட் 2இல் தொடுதிரையே கிடையாது. ஐந்து பட்டன், அவ்வளவுதான். வலப்பக்கம் மேலே உள்ள ஜி.பி.எஸ். பட்டனை அமத்திப் பிடித்தால் நிற்கிற இடத்தின் ஆள்கூறு வரும், அப்படியே சேமிக்கலாம். மதகு, உடைப்பு, வாய்க்கால் பிரிகிற இடம் எல்லாவற்றையும் கையுறையோடேயே குறித்துக்கொள்ளலாம். பேஸ் 3இல் சுழற்றுகிற குமிழ் ஒன்று உண்டு. அதன் இடுக்கில் சேறு காய்ந்தால் இறுகும், நல்ல தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றினால் விடும்.

பாரம். பேஸ் 3 நைலோன் பட்டியோடு 30 கிராம், சிலிக்கன் பட்டியோடு 39. இன்ஸ்டிங்ட் 2 52 கிராம், அதன் சின்ன உருவமான 2எஸ் 42. காசியோ எச்2000 63. டி-ரெக்ஸ் 3 68 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. இருபது முப்பது கிராமில் என்ன இருக்கு என்று நினைப்பாய். நித்திரைக்கும் கழற்றாமல் கட்டினால்தான் இந்த மணிக்கூடுகள் சொல்லும் இதயத்துடிப்பு, நித்திரைக் கணக்குக்கு அர்த்தம் வரும். பாரமானது ஓடும்போது ஆடும். ஆடினால் பின்பக்கத்துப் பச்சை வெளிச்சத்துக்கும் தோலுக்கும் இடையில் இடைவெளி விழுந்து துடிப்புக் கணக்குப் பிழைக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, வேலை செய்யும்போது ஒரு துளை இறுக்கி, வீட்டில் ஒரு துளை இளக்கிக் கட்டு. கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது வருகிற அதிர்வை அடி வைத்ததாகவும் சேர்த்து எண்ணும், அந்த நாளின் அடிக்கணக்கை நம்பாதே.

செய்மதிக்கு வருகிறேன். இப்போது விளம்பரங்களில் கனக்கக் கதைப்பது இரட்டை அலைவரிசை, அதாவது எல்1 (1575.42 மெகா ஹேர்ட்ஸ்), எல்5 (1176.45) இரண்டையும் வாங்குவது. பேஸ் 3இலும் டி-ரெக்ஸ் 3இலும் உண்டு, சாதாரண இன்ஸ்டிங்ட் 2இல் இல்லை. உயர்ந்த கட்டடச் சுவரில் பட்டுத் தெறித்து வருகிற பிழையான சமிக்ஞையைப் பிரித்தறிய அது நன்றாக உதவும். கொழும்பில் ஓடுகிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கலாம். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் வானம் நாலு பக்கமும் திறந்துதான் கிடக்கிறது; ஒற்றை அலைவரிசையே ஐந்து மீற்றருக்குள் நிற்கும். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்குள், அதுவும் மாரியில் இலை நனைந்திருக்கும்போது, எல்லாமே கொஞ்சம் தடுமாறும். இரட்டை அலைவரிசை குறைவாகத் தடுமாறும், பற்றரியைக் கூடுதலாகக் குடிக்கும்.

பெரும்பாலான பிழை மணிக்கூட்டில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. செய்மதி தன் இருப்பிட விபரத்தை 30 செக்கனுக்கு ஒருமுறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கும். மணிக்கூடு போனோடு இணைந்து, செய்மதிகள் எங்கே நிற்கும் என்ற சில நாள் முன்கணிப்பை முன்னரே இறக்கி வைத்திருந்தால் காத்திராமல் பிடிக்கும். ஒரு கிழமை இணைக்காமல் விட்டு, மரத்துக்குக் கீழே நின்று தொடக்கினால் முதல் நானூறு ஐந்நூறு மீற்றர் கோடு காட்டுக்குள்ளால் நெளியும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போனோடு இணை. வெளியில் வந்து, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் நில். செய்மதி பிடித்ததாகப் பச்சை காட்டிய பிறகும் இன்னும் அரை நிமிடம் பொறு, பிறகு தொடக்கு. பற்றரியை மிச்சம் பிடிக்கும் ‘அல்ட்ராட்ராக்’ போன்ற முறைகள் புள்ளியை இடைவிட்டு எடுப்பதால் வளைவுகளை வெட்டிவிடும். குளக்கட்டின் நீளம் அதில் குறைந்து வரும்.

இதோடு சேர்த்து இரண்டு விடயம், இரண்டும் விளையாட்டில்லை. மணிக்கூடு தரும் ஆள்கூறு, உலகம் முழுக்கப் பாவிக்கிற டபிள்யூ.ஜி.எஸ். 84 முறை. கந்தோரில் கிடக்கிற பழைய நிலவரைபடங்கள் இலங்கைக்கென்றே உள்ள கந்தவளை என்ற வேறு அளவை அடிப்படையில் வரைந்தவை. எண்ணை அப்படியே எடுத்துப் பொருத்தினால் ஓரிரு நூறு மீற்றர் விலகி, பக்கத்து ஆளின் வயலில் போய் நிற்கும். எழுதும்போது எந்த முறை என்று பக்கத்தில் எழுது. காணி எல்லைப் பிணக்கில் ஆராவது “உன்ரை மணிக்கூட்டில் பார்த்துச் சொல்லு பிள்ளை” என்றால் சொல்லாதே. ஐந்து மீற்றர் பிழை வருகிற கருவி வேலிக்குத் தீர்ப்புச் சொல்லாது, நில அளவையாளரைக் கூப்பிடச் சொல். மற்றது, வந்த வழியே திரும்பக் கூட்டிப்போகும் வசதி காசியோ தவிர்ந்த மூன்றிலும் ஏதோ ஒரு வகையில் இருக்கும், காட்டில் நல்ல துணை. ஆனால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் அந்தக் கோட்டைப் பாதை என்று எண்ணவே கூடாது. அங்கே அரை மீற்றரும் பெரிய தூரம்.

உயரமானியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நீ நிச்சயம் குழம்புவாய். அது காற்றழுத்தத்தை அளந்து உயரமாக மாற்றுகிறது. நம்முடைய வெப்பவலயத்தில் அழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை பத்து மணி அளவில் உச்சம், பின்னேரம் நாலு மணி அளவில் இறக்கம், இரவிலும் அதே மாதிரி. அந்த வித்தியாசம், அழுத்தத்தை அளக்கிற அலகில், இரண்டு மூன்று ஹெக்ரோபஸ்கல் வரும். ஒரு ஹெக்ரோபஸ்கலுக்கு ஏறத்தாழ எட்டரை மீற்றர். அப்போ கதிரையில் இருந்தபடியே நீ பின்னேரத்துக்குள் இருபது மீற்றர் மலை ஏறியிருப்பாய். வன்னியில் அப்படியொரு மலைக்கு எங்கே போவது! புயல் எச்சரிக்கையும் இந்தப் பின்னேர இறக்கத்தைத்தான் சிலவேளை பிடித்துக்கொண்டு கத்தும். எச்சரிக்கை அளவைக் கொஞ்சம் கூட்டி வை. ஐப்பசி, கார்த்திகையில் பகல் பத்து மணிக்கே அழுத்தம் விழுந்தால் மட்டும் காது கொடு.

பராமரிப்பு என்று பார்த்தால் இங்கே மணிக்கூட்டைக் கொல்வது அடிபடுவது இல்லை, உப்பும் நுளம்பு மருந்தும்தான். தண்ணீர் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் இன்ஸ்டிங்டும் டி-ரெக்ஸும் 10 ஏ.ரி.எம்., பேஸ் 3 5 ஏ.ரி.எம்., காசியோ 20. எல்லாமே கிணற்றடிக்கும் குளத்துக்கும் காணும். ஆனால் வியர்வையோ கொக்கிளாய்க் கடல்நீரோ காயாத பின்பக்கத்தைச் சார்ஜில் போட்டால், அந்த உப்பு ஈரத்துக்குள்ளால் மின் ஓடி முனைகளை அரிக்கும். பச்சை பிடிக்கும், பிறகு சார்ஜ் விட்டு விட்டு ஏறும், ஒருநாள் ஏறவே ஏறாது. நல்ல தண்ணீரில் கழுவி, துவாயால் ஒற்றி, அரை மணித்தியாலம் காயவிட்டுச் சார்ஜில் போடு. முனையில் அழுக்கென்றால் மெல்லிய காய்ந்த பிரஷ் போதும். விளிம்பில் தெரியும் சின்னத் துளைகள் அழுத்தமானிக்கு உரியவை. சேறு அடைத்தால் ஊசியால் குத்தாதே, உள்ளே உள்ள மெல்லிய சவ்வு கிழியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடு. நுளம்பு மருந்தில் உள்ள டீட் என்கிற இரசாயனம் பிளாஸ்ரிக்கை இளக்கும். பூசினால் கையைக் கழுவிவிட்டுத்தான் மணிக்கூட்டைத் தொடு. பட்டிக்குக் கீழே சவர்க்கார நுரை நின்றால் தோல் சிவக்கும், குளித்ததும் கழற்றித் துடை.

மோட்டார் சைக்கிள் ராங்கியின் மேல் வெயிலில் வைத்துவிட்டுப் போகாதே. லித்தியம் பற்றரிக்குக் குளிரைவிடச் சூடுதான் ஆயுளைக் குறைக்கும். கரண்ட் இல்லாத நாளில் பவர்பாங்கில் போட்டால், மணிக்கூடு இழுக்கிற மின் மிகக் குறைவு என்பதால் சில பவர்பாங்க் ஒன்றும் செருகவில்லை என்று நினைத்து நின்றுவிடும். குறைந்த மின்னுக்கான முறை இருந்தால் அதில் வை, இல்லையென்றால் போனையும் சேர்த்துச் செருகு.

சோலார் வேண்டுமா என்று கேட்டாய். இன்ஸ்டிங்ட் 2 சாதாரணம் 28 நாள் போகும், ஜி.பி.எஸ். தொடர்ந்து போட்டால் 30 மணித்தியாலம். சோலார் வகைக்கு, 50,000 லக்ஸ் வெளிச்சம் தினம் மூன்று மணித்தியாலம் பட்டால் சாதாரணப் பாவனையில் சார்ஜே தேவையில்லை என்கிறது கார்மின். உச்சி வெயில் இங்கே அதைவிட இரட்டிப்பு. ஆனால் நீ வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போடுகிறாய், கண்ணாடி துணிக்குள் இருக்கும். கையை மடித்துவிடுகிற ஆளுக்குத்தான் அந்தக் காசு திரும்பி வரும்.

ஆகவே என் முடிவு இன்ஸ்டிங்ட் 2. 2022இல் வந்தது, அன்றைய விலை 350 டொலர், இப்போது பழைய மொடல் என்பதால் குறைத்து வாங்கலாம். அதில் வரைபடம் இல்லை, வெறும் கோடுதான். அதற்குப் போன் இருக்கிறது. 2025இல் வந்த இன்ஸ்டிங்ட் 3 சோலாரில் ரோர்ச் லைற்றும் இரட்டை அலைவரிசையும் உண்டு. இரவில் கிணற்றடிக்குப் போகும்போது புடையன் கிடக்கிறதா என்று பார்க்க அந்த லைற் நல்லது, வந்தபோது விலை 400 டொலர் என்பதுதான் யோசனை. ஓட்டப் பயிற்சிதான் முக்கியம், சேற்று வேலை குறைவு என்றால் 229 டொலருக்கு வந்த பேஸ் 3ஐ எடு, பாரமே தெரியாது. கையில் வரைபடம் இருந்தேயாகவேண்டும் என்றால் டி-ரெக்ஸ் 3. காசியோவை நான் விட்டுவிடுவேன்: தண்ணீருக்கு நாலிலும் அதுதான் பலம், ஆனால் அதன் சோலார் நேரம் காட்டத்தான் காணும், ஜி.பி.எஸ். ஓட்ட வயர் போட்டுத்தான் ஆகவேண்டும்.

பாவித்தது வாங்கவேண்டாம். பற்றரி எவ்வளவு தேய்ந்தது என்று வெளியில் பார்த்துத் தெரியாது; பழைய ஆள் தன் கணக்கில் இருந்து நீக்காவிட்டால் சிலது உனக்கு இணையாது. பற்றுச்சீட்டை வாங்கி வைக்கவும், இலங்கையில் உத்தரவாதம் செல்லுமா என்று கடையிலேயே கேட்கவும், சார்ஜ் வயர் ஒன்று மேலதிகமாக எடுக்கவும் மாமாவுக்குச் சொல்கிறேன். கைக்கு வந்ததும் குளக்கட்டின் ஒரே ஓரத்தால் ஒரு கிலோமீற்றர் போய் அதே ஓரத்தால் திரும்பி வா. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படவேண்டும். பத்து மீற்றருக்கு மேல் பிரிந்து நின்றால் மாமா திரும்பமுதல் மாற்றக் கொடுக்கலாம்.

நூல் ஒன்றைச் சுற்றி மணிக்கட்டை அளந்து எனக்கு அனுப்பு. பதினைந்து சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் 45 மி.மீ. வேண்டாம், 40 மி.மீ. 2எஸ் எடுக்கச் சொல்லுவம். அதற்கு 21 நாள்தான் பற்றரி, உனக்குக் காணும்.

அப்பா